சிடி தொலைந்த பிறகு பழைய ஆபீஸ் மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறுவது எப்படி?

வாசகர் கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே உள்ள மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். அலுவலகத்தில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. இரண்டிலும் விண்டோஸ் 7, ஆபீஸ் 2007. விவசாயிகளின் எடைச் சீட்டு, முன்பணம், பட்டுவாடா எல்லாம் எக்செல்லில்தான் இருக்கின்றன. பெயர்களை வானவில் எழுத்துருவில் அடித்திருக்கிறோம். சீட்டு அச்சடிக்கும் மேக்ரோவை (எக்செல்லுக்குள் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எனக்கு முன்பிருந்த கணக்காளர் எழுதினார். அலுவலகம் இடம் மாறியபோது சிடிக்கள் தொலைந்துவிட்டன, விற்ற கடையும் இப்போது இல்லை. சில வாரங்களுக்கு முன் இடம் போதவில்லை என்று ஒரு கணினியைச் சுத்தம் செய்தார்கள். அன்றிலிருந்து எக்செல்லைத் திறந்தாலே சிடியைப் போடச் சொல்கிறது. முதலாளி புதிய கணினி வாங்கச் சம்மதித்துவிட்டார். பழைய சிடி இல்லாமல் புதிய பதிப்புக்கு மாற முடியுமா? தெரிந்த ஒருவர் 500 ரூபாய்க்கு எல்லாவற்றையும் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். அதை ஏற்கலாமா? சீசன் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும்.

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். முடியும். இன்று விற்பனையில் இருக்கும் எந்த ஆபீஸ் பதிப்பும் உங்களுடைய பழைய சிடியைக் கேட்காது. ஆபீஸ் 2007 காலம் வரை முழு விலைப் பெட்டி ஒன்றும், ஏற்கெனவே பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கான விலை குறைந்த 'அப்கிரேடு' பெட்டி ஒன்றும் தனித்தனியே விற்கப்பட்டன. அந்த விலை குறைந்த பெட்டியை வாங்கியவர், பழைய பதிப்பு தன்னிடம் இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டியிருந்தது. ஆபீஸ் 2010 வெளிவந்தபோது மைக்ரோசாஃப்ட் அந்த வகையையே நிறுத்திவிட்டது. ஆகவே பழைய சிடி இன்று உங்கள் கையில் இருந்தாலும் புதிய பதிப்பின் விலையில் ஒரு ரூபாய்கூடக் குறையாது, இல்லாததால் ஒரு தடையும் வராது. நீங்கள் கவலைப்பட வேண்டியது சிடியைப் பற்றியல்ல, அந்தக் கணினிகளுக்குள் இருக்கும் கணக்குகளைப் பற்றி. அவற்றில் ஒரு பெயரோ ஒரு எண்ணோ மாறாமல் புதிய கணினிக்குக் கொண்டு சேர்ப்பதுதான் உண்மையான வேலை. என் பதிலின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதாகவே இருக்கும்.

அதற்கு முன், சிடியைக் கேட்டு அடம்பிடிக்கும் கணினியைப் பார்த்துவிடுவோம். ஆபீஸ் 2007 நிறுவப்படும்போது, பின்னாளில் பழுது பார்ப்பதற்காகத் தன் நிறுவல் கோப்புகளின் பிரதி ஒன்றை சி டிரைவில் 'எம்.எஸ்.ஓ.கேஷ்' என்ற மறைந்த கோப்புறையில் வைத்துக்கொள்கிறது. அது கணிசமான இடத்தைப் பிடிக்கும். அதனால் இடம் போதவில்லை என்று சுத்தம் செய்பவர்கள் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். அதை அழித்த உடனே ஒன்றும் தெரியாது. என்றாவது ஒரு நாள் ஏதோ ஒரு கோப்பு குறைகிறது என்று ஆபீஸ் தன்னைத் தானே சரிசெய்ய முயலும்போது அந்தக் கோப்புறை இல்லாததால் சிடியைக் கேட்கத் தொடங்குகிறது. உங்கள் கணினியிலும் இதுவே நடந்திருக்க வேண்டும். இரண்டாவது கணினியில் யாரும் கை வைக்கவில்லை என்றால் அந்தக் கோப்புறை அங்கே அப்படியே இருக்கும். மறைந்த கோப்புறைகளைக் காட்டும்படி விண்டோஸில் அமைத்துக்கொண்டு, அதை முழுமையாக ஒரு பென் டிரைவில் எடுத்து வந்து, சிடி கேட்கும் பெட்டியில் 'பிரௌஸ்' பொத்தானை அழுத்தி அந்த இடத்தைக் காட்டுங்கள். இரண்டு கணினிகளிலும் இருப்பது ஒரே வகை ஆபீஸ் 2007ஆக இருந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஒன்று ஸ்டாண்டர்டு, மற்றொன்று புரொஃபெஷனல் என்று இருந்தால் ஏற்காது. ஏற்காவிட்டாலும் பரவாயில்லை, 'கேன்சல்' கொடுத்த பிறகு எக்செல் திறக்கிறது என்றால் கணக்குகளை எடுத்துவிடலாம். ஆனால் எக்காரணம் கொண்டும் ஆபீஸை நீக்கிவிட்டு மறுபடி போடலாம் என்று யாரும் சொன்னால் சம்மதிக்காதீர்கள். நீக்குவது சில நிமிட வேலை. திரும்பப் போடுவதற்கு உங்களிடம் எதுவும் இல்லை.

இணையத்தில் ஆபீஸ் 2007 சிடியின் பிரதி கிடைக்கிறது என்று பலர் சொல்வார்கள். முன்பு உரிமக் குறியீட்டைக் கொடுத்தால் மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்தே பதிவிறக்க வழி இருந்தது. இப்போது அந்தப் பதிப்புக்கு அவ்வழி இல்லை. வேறு தளங்களில் இருப்பவற்றில் எதில் யார் எதைச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று நாம் அறிய முடியாது. விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள் இருக்கும் கணினியில் அப்படிப்பட்ட ஒன்றை ஏற்ற நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

உரிமக் குறியீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது எழுத்தும் எண்ணும் கலந்த 25 இலக்கக் குறியீடு. சிடி உறையின் மேல் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒட்டப்பட்ட சீட்டில் இருந்திருக்கும். எக்செல்லின் 'அபௌட்' பகுதியில் தெரியும் 20 இலக்க எண் வேறு, உரிமக் குறியீடு வேறு. பலர் அந்த 20 இலக்க எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள், ஆனால் அதை வைத்து மீண்டும் நிறுவ முடியாது. ஆபீஸ் 2007இல் உண்மையான குறியீடு கணினியின் பதிவேட்டிலேயே பொதிந்து கிடப்பதால், அதை வாசித்துக் காட்டும் சிறு கருவிகளால் மீட்டெடுக்க முடியும். ஆபீஸ் 2013 முதல் கடைசி ஐந்து இலக்கங்களே கணினியில் மிஞ்சுகின்றன. உங்கள் நோக்கம் புதிய பதிப்புக்கு மாறுவது என்பதால் இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. பழைய விலைப்பட்டியல் கோப்பில் இருக்கிறதா என்று மட்டும் தேடிப் பாருங்கள். கணினியோடு சேர்த்து வாங்கிய உரிமமா, தனிப் பெட்டியாக வாங்கியதா என்பது அதில் தெரியும். கணினியோடு வந்த உரிமம் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. தனிப் பெட்டியாக வாங்கியதை வேறொரு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இனி 500 ரூபாய் விஷயம். அந்த விலைக்கு முறையான உரிமம் கிடைக்காது. அவர் போடப்போவது பெரும்பாலும், உரிமச் சரிபார்ப்பை ஏமாற்றும் ஒரு நிரலோடு சேர்ந்த ஆபீஸாக இருக்கும். அந்த நிரல் ஓட வேண்டுமானால் வைரஸ் தடுப்பை முதலில் நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் கணினிக்குள் எது வேண்டுமானாலும் நுழையக்கூடிய வேளை அதுதான். கோப்புகளை எல்லாம் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்கும் தீநிரல்கள் இப்படி வருவதுண்டு. சீசன் நடுவில், வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கும் நேரத்தில், எடைச் சீட்டுக் கோப்பு திறக்கவில்லை என்றால் அந்த 500 ரூபாயின் உண்மையான விலை தெரியும். சட்டத்தின் நிலையையும் முதலாளியிடம் சொல்லுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவோருக்கு ஏழு நாளுக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய்க்குக் குறையாமல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தண்டனை பயன்படுத்துபவருக்கு என்பதால், போட்டுக் கொடுத்தவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நிறுவனம் தப்பிக்க முடியாது. இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் உரிமக் குறியீடுகளையும் இதே கண்ணோடு பாருங்கள். பெரிய நிறுவனங்களுக்கென்று மொத்தமாக வழங்கப்பட்ட குறியீடுகள் அப்படிக் கைமாறி வருவதுண்டு. இன்று ஏற்றுக்கொண்டாலும் பின்னர் செல்லாததாகிவிடக் கூடும்.

மாறாமல் அப்படியே இருந்துவிட்டால் என்ன என்று முதலாளி கேட்கலாம். ஆபீஸ் 2007க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2017 அக்டோபர் 10ஆம் தேதியோடும், விண்டோஸ் 7க்கானவை 2020 ஜனவரி 14ஆம் தேதியோடும் நின்றுவிட்டன. இணைய இணைப்பே இல்லாமல், வெளியார் பென் டிரைவ் எதுவும் செருகாமல் வைத்திருந்தால் அந்தக் கணினி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அதே கணினியில் மின்னஞ்சல், வங்கி, ஜி.எஸ்.டி. தளம் எல்லாவற்றையும் திறப்பீர்கள் என்றால் அது திறந்த கதவுதான். அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்பதும் யாருக்கும் தெரியாது.

புதிய கணினி வாங்கும்போது விண்டோஸ் 11 உள்ளதாகவே வாங்குங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. செலவைக் குறைக்கப் பெங்களூரு எஸ்.பி. ரோடு போன்ற இடங்களில் பழைய கணினி வாங்க நினைத்தால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்கிறதா, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவை இல்லாதவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. இன்னொன்றையும் கடைக்குப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். நீங்கள் சீட்டு அச்சடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் கேபிள், அகலமான 25 ஊசிப் பழைய இணைப்பா, யு.எஸ்.பி. இணைப்பா? புதிய கணினிகளில் அந்தப் பழைய இணைப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. அதற்கென்று மாற்றுக் கேபிள் கிடைக்கிறது. கணினியை வாங்கும்போதே அதையும் சேர்த்து வாங்கி, உங்கள் பிரிண்டரில் ஒரு சீட்டு அச்சடித்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுப்பது நல்லது. எடை மேடைக் கருவியிலிருந்து கணினிக்கு நேரே ஒயர் வருகிறது என்றால் அதற்கும் இதே விசாரணை தேவை.

எந்த ஆபீஸை வாங்குவது? ஒருமுறை பணம் கட்டி வைத்துக்கொள்ளும் வகையில் இப்போதுள்ளது ஆபீஸ் 2024. அதற்கு 2029 அக்டோபர் வரை ஆதரவு உண்டு. அதில் 'ஹோம்' என்ற பதிப்பு வீட்டு உபயோகத்துக்கு மட்டுமானது. அலுவலகத்தில் பயன்படுத்த உரிமை தருவது 'ஹோம் அண்டு பிசினஸ்'. விலை வித்தியாசத்தைப் பார்த்து முதலாவதை வாங்கிவிடாதீர்கள். சில கடைகளில் ஆபீஸ் 2021 இன்னும் குறைந்த விலைக்குக் கிடைக்கலாம். அதன் ஆதரவு 2026 அக்டோபர் 13ஆம் தேதி முடிகிறது என்பதால் அது லாபமில்லை. ஆண்டுச் சந்தாவாகக் கட்டும் மைக்ரோசாஃப்ட் 365 நல்ல மென்பொருள்தான். ஆனால் வேலை முழுவதும் சில மாதங்களில் குவியும் உங்களைப் போன்ற ஆலைக்கு, ஆண்டு முழுவதும் கட்டும் சந்தாவைவிட ஒருமுறை வாங்குவதே பொருத்தமாக எனக்குப் படுகிறது.

காசு கொடுக்கத் தேவையில்லாத வழியும் இருக்கிறது. ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010இல் பிரிந்து வளர்ந்த லிப்ரே ஆபீஸை அலுவலகங்களும் இலவசமாக, முழுச் சட்ட உரிமையோடு பயன்படுத்தலாம். வேர்ட், எக்செல் கோப்புகளைத் திறக்கும், அதே வடிவத்தில் சேமிக்கவும் செய்யும். மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். கடிதம், பட்டியல், கூட்டல் கழித்தல் எல்லாவற்றுக்கும் அது தாராளமாகப் போதும். எக்செல் மேக்ரோக்களில் ஒரு பகுதிதான் அதில் ஓடும் என்பது அதன் குறை. ஆகவே உங்கள் அலுவலகத்துக்கு என் யோசனை இது: மேக்ரோ ஓடும் கணினி ஒன்றுக்கு மட்டும் ஆபீஸ் 2024 வாங்குங்கள், மற்றதில் லிப்ரே ஆபீஸ் போடுங்கள். இரண்டுக்கும் வாங்கினால்தான் ஆகும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

வாங்கும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இப்போது பெட்டிக்குள் சிடி வருவதில்லை. ஒரு குறியீடு மட்டும் வரும். அதை ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவு செய்த பிறகு, மென்பொருள் அந்தக் கணக்கிலிருந்துதான் இறங்கும். எத்தனை முறை கணினியைத் துடைத்தாலும் அந்தக் கணக்கிற்குள் போய்த் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதனால் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதே முக்கியம். கணினியை அமைக்க வரும் பையன் அவசரத்துக்குத் தன் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டுப் போவது நம் ஊரில் வழக்கமாக நடக்கிறது. பிறகு அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போனால் உங்கள் உரிமமும் அவரோடு போய்விடும். ஆலையின் பெயரில் ஒரு மின்னஞ்சலும், முதலாளியின் கைப்பேசி எண்ணும் கொடுத்துக் கணக்கைத் தொடங்குங்கள். உங்கள் பெயரிலும் வேண்டாம். கடவுச்சொல்லையும் குறியீட்டையும் விலைப்பட்டியலோடு சேர்த்து, முக்கியப் பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வையுங்கள்.

இனி கணக்குகளைக் கொண்டு போகும் வேலை. எக்செல்லை மூடிவிட்டு, இரு கணினிகளிலும் உள்ள ஆவணங்கள், டெஸ்க்டாப், டி டிரைவ் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, அதிலிருந்து இன்னொரு பிரதியும் எடுங்கள். எளிதில் விட்டுப்போகும் மூன்று பொருள்கள் உள்ளன. ஒன்று, விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையில் இருக்கும் வானவில் எழுத்துருக்கள். இரண்டு, அவுட்லுக் பயன்படுத்தியிருந்தால் மறைந்த கோப்புறைக்குள் கிடக்கும் பி.எஸ்.டி. என்ற அஞ்சல் கோப்பு. மூன்றாவது, 'பெர்சனல்' என்ற பெயரில் எக்செல்லின் தொடக்கக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் மேக்ரோக் கோப்பு. உங்களுக்கு முன்பிருந்தவர் மேக்ரோவைச் சீட்டுக் கோப்பிலேயே எழுதாமல் அந்த மறைந்த கோப்பில் எழுதியிருந்தால், சீட்டுக் கோப்பை மட்டும் எடுத்துப் போன பிறகு பொத்தான் இருக்கும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பழைய கணினியில் ஆல்ட், எஃப்8 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில், மேக்ரோவின் பெயருக்கு முன் எந்தக் கோப்பின் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். தாள்களுக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால், கேட்டு வாங்க வேண்டியவரிடம் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

சில கோப்புகள் ஆபீஸ் 2003 காலத்து எக்ஸ்.எல்.எஸ். வடிவத்தில் இருக்கக்கூடும். அவை புதிய எக்செல்லிலும் திறக்கும். ஆனால் ஒரு தாளுக்கு 65,536 வரிசை என்ற பழைய எல்லையோடுதான் இருக்கும். புதிய வடிவத்தில் சேமித்தால் 10,48,576 வரிசை வரை போகலாம். சேமிக்கும்போது எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். என்ற வழக்கமான வடிவத்தைத் தேர்ந்தால் மேக்ரோக்கள் மொத்தமும் போய்விடும். ஓர் எச்சரிக்கை வரும், அவசரத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. மேக்ரோ உள்ள கோப்பை எக்ஸ்.எல்.எஸ்.எம். என்ற வடிவத்தில்தான் சேமிக்க வேண்டும். ஆபீஸ் 2007இல் 32 பிட் வகை மட்டுமே இருந்தது. புதியது கேட்காமலேயே 64 பிட் வகையாக இறங்கும். விண்டோஸின் உள் வசதிகளை நேரடியாக அழைக்கும் பழைய மேக்ரோக்கள் அதில் பிழை காட்டும். கணக்கிலிருந்து பதிவிறக்கும்போது 'பிற விருப்பங்கள்' என்பதற்குள் போய் 32 பிட் வகையைத் தேர்ந்துகொண்டால் உங்களுக்கு இந்தத் தொல்லை இராது. கோப்பைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். மின்னஞ்சலில் அனுப்பித் திறந்தால், இணையத்திலிருந்து வந்த கோப்பு என்று கருதிப் புதிய எக்செல் அதன் மேக்ரோவைத் தடுத்துவிடும். அப்படித் தடுத்தால் கோப்பின் மேல் வலது சொடுக்கி, 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'அன்பிளாக்' என்பதைக் குறியிட வேண்டும்.

நான் உங்களை மிகவும் கவனமாக இருக்கச் சொல்வது வானவில் எழுத்துருவில் உள்ள பெயர்களைப் பற்றித்தான். அந்த எழுத்துருவில், ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். கணினியைப் பொறுத்தவரை நீங்கள் அடித்திருப்பது ஆங்கில எழுத்துக் கோவை, நம் கண்ணுக்குத்தான் அது தமிழ். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பெயர்ப் பத்தி முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிவது இதனால்தான். கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும். ஆனால் நிறுவிய பிறகும் ஒரு சங்கடம் உண்டு. புதிதாக நிறுவிய எக்செல்லிலும் வேர்டிலும் தானே திருத்தும் வசதி இயங்கும் நிலையிலேயே வரும். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது போன்ற அதன் திருத்தங்கள் வானவிலில் ஒரு தமிழ் எழுத்தை வேறொரு தமிழ் எழுத்தாக்கிவிடும். கணினியை அமைத்த அன்றே அந்த வசதியின் அமைப்புகளில் இத்திருத்தங்களுக்கு எதிரே உள்ள டிக் குறிகளை நீக்கிவிடுங்கள்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உங்கள் பழைய கணக்கிலேயே இருக்கக்கூடும். வானவிலில் 'ம' என்பது ஓர் ஆங்கிலச் சிறிய எழுத்தின் இடத்திலும், 'மு' என்பது அதே எழுத்தின் பெரிய வடிவத்தின் இடத்திலும் இருக்கின்றன. 'ட', 'டு' இரண்டும் அப்படியே. ஒரு பெயரையோ எண்ணையோ தேடி அதற்குரிய விவரத்தை எடுத்துவரும் எக்செல்லின் விலுக்கப் சூத்திரமோ சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்ற வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ஆக, பட்டியலில் ராமசாமி, ராமுசாமி என்று இருவர் இருந்தால், பெயரை வைத்துத் தேடும் சூத்திரத்துக்கு இருவரும் ஒருவரே. மேலே இருப்பவரின் முன்பணத்தைக் கீழே இருப்பவருக்கும் காட்டிவிடும். இரட்டைப் பதிவுகளை நீக்கும் வசதியும் இதே போலத்தான் நடந்துகொள்ளும். உங்கள் சூத்திரங்கள் விவசாயி எண்ணை வைத்துத் தேடுகின்றனவா, பெயரை வைத்துத் தேடுகின்றனவா என்று இன்றே பாருங்கள். பெயரை வைத்து என்றால், ஒவ்வொரு விவசாயிக்கும் ஓர் எண் கொடுத்துச் சூத்திரங்களை அந்த எண்ணுக்கு மாற்றிய பிறகே மற்ற வேலை. சந்தேகமான இரு பெயர்களை ஒப்பிட 'எக்ஸாக்ட்' என்ற சூத்திரம் இருக்கிறது. அது சிறிய எழுத்தையும் பெரிய எழுத்தையும் பிரித்துப் பார்க்கும்.

எண் கொடுத்து முடித்ததும் பெயர்களை, எல்லாக் கணினிகளும் தமிழென்றே புரிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தமிழக அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. வங்கிக்கோ அரசு அலுவலகத்துக்கோ நீங்கள் அனுப்பும் பட்டியல் அங்கே சரியாகத் தெரிய வேண்டுமானால் இதுவே வழி. அகர வரிசைப்படுத்துவதும் தேடுவதும் ஒழுங்காக நடக்கும். வானவிலை யூனிகோடாக்கும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் முழுத் தாளையும் அவற்றில் போடக் கூடாது. வண்டி எண், ஊரின் ஆங்கிலச் சுருக்கம், வங்கியின் கிளைக் குறியீடு போன்ற உண்மையான ஆங்கில எழுத்துகளையும் அந்தக் கருவி தமிழென்று எண்ணி உருக்குலைத்துவிடும். விவசாயி எண், பழைய பெயர், புதிய பெயர் என்று மூன்று பத்திகள் கொண்ட ஒரு தனித் தாள் தயாரித்து, பெயர்ப் பத்தியை மட்டும் மாற்றி, ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பார்த்துச் சரிசெய்த பிறகு, எண்ணை வைத்து மற்றத் தாள்களுக்குப் பெயரை வரவழைக்கலாம். இணையத்தில் இயங்கும் மாற்றுக் கருவி என்றால் பெயரைத் தவிர வேறெதையும் அதில் ஒட்டாதீர்கள். நம் பகுதியில் ஸ்ரீராமுலு, ஸ்ரீனிவாசன் போன்ற பெயர்கள் நிறைய உண்டு. யூனிகோடில் 'ஸ்ரீ' என்பதை இரண்டு விதமாக அடிக்க முடியும். இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. அந்தப் பெயர்களை மட்டும் ஒருவரே ஒரே விசைப்பலகை முறையில் அடித்துவிடுவது நல்லது.

இந்தப் பெயர் மாற்றத்தைச் சீசனுக்கு முன் முடிக்க முடியாவிட்டால் இந்த ஆண்டு வானவிலிலேயே ஓட்டிவிட்டு, பெங்களூரா மாம்பழ வரத்து நின்ற பிறகு ஆற அமரச் செய்யுங்கள். பாதிப் பெயர்கள் ஒரு முறையிலும் பாதி இன்னொரு முறையிலும் இருக்கும் நிலையில் பட்டுவாடா தொடங்கக் கூடாது. எண் கொடுக்கும் வேலையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம், அது இப்போதே ஆக வேண்டியது.

புதிய கணினி வந்ததும் பழையதை உடனே ஓரங்கட்டிவிடாதீர்கள். சென்ற சீசனின் ஒரு வாரத்து எடைச் சீட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, புதிய கணினியில் முதலிலிருந்து பதிவு செய்து, விவசாயிவாரியான தொகையும் மொத்தமும் பழைய கணினியின் அச்சோடு பைசா சுத்தமாகப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். அச்சில் வரிகள் சீட்டின் கட்டங்களுக்குள் விழுகின்றனவா என்றும் பாருங்கள். பிரிண்டரின் இயக்கி மாறும்போது பத்திகளின் அகலம் சற்றே நகர்வது வழக்கம். அதைச் சரிசெய்ய அரை நாள் ஆகும். எல்லாம் பொருந்திய பிறகுதான் உண்மையான பதிவுகளைப் புதியதில் தொடங்க வேண்டும்.

பழைய கணினியின் இணைய இணைப்பை நீக்கிவிட்டு, முடிந்த ஆண்டுகளின் கணக்கைப் பார்ப்பதற்காக மட்டும் வைத்திருங்கள். அதன் ஹார்ட் டிஸ்க் வயதானது என்பதால், 'குளோன்ஸில்லா' என்ற இலவசக் கருவியைக் கொண்டு அதை அப்படியே எஸ்.எஸ்.டி. என்ற புதிய வகைச் சேமிப்பகம் ஒன்றுக்குப் பிரதி எடுத்து அதே கணினியில் மாட்டிவிடலாம். விண்டோஸும் ஆபீஸும் எழுத்துருவும் மேக்ரோவும் இருந்தபடியே வந்துவிடும், சிடி எதுவும் தேவைப்படாது. பிரதி எடுக்கும்போது எது பழையது எது புதியது என்று மாற்றிக் கொடுத்தால் எல்லாம் அழிந்துவிடும். ஆகவே வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்த பிரதி சரியாகத் திறக்கிறது என்று பார்த்த பிறகு, அனுபவமுள்ள ஒருவரை வைத்துச் செய்யுங்கள். கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் எடைக்குப் போடவோ யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் பதிவேடுகளை, அந்த ஆண்டுக்குரிய ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். மாற்றப்படாத மூலக் கோப்புகள் அதுவரையாவது உங்களிடம் இருக்கட்டும்.

மேக்ரோ புதிய எக்செல்லில் பிழை காட்டி நின்றால், மஞ்சள் நிறத்தில் தெரியும் வரியையும், திரையில் வந்த செய்தியையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். விவசாயிகளின் பெயரும் கணக்கு எண்ணும் உள்ள தாளை அனுப்ப வேண்டாம். அந்த ஒரு வரியே எனக்குப் போதும்.